குடிக்காதவர் குடிக்கும் புகை: நமது தேநீர்க் கடைகளும் பொது இடப் புகைத்தல் தடையும்

சில வருடங்களுக்கு முன்னர் வாப்பாவை நெஞ்சு நோய் வைத்தியர் ஒருவரிடம் கூட்டிச் சென்றேன். மூன்று மாதமாக இருமல் விடவில்லை. பள்ளிவாசல் படியேறினாலே இளைத்தது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தியர் முதலில் கேட்டது இதைத்தான்: “ஒரு நாளைக்கு எத்தனை சிகரட் குடிப்பீங்க?”

வாப்பாவின் முகம் சுருங்கிப் போனது. “ஒருநாளும் தொட்டதில்ல டொக்டர். வேணுமெண்டா மகனைக் கேளுங்க.”

“அப்ப என்ன தொழில் பாத்தீங்க?”

“தேத்தண்ணிக் கடையில வேல. முப்பத்தொரு வருஷம்.”

வைத்தியர் தலையை ஆட்டினார். “அப்ப நீங்களும் குடிச்சித்தான் இருக்கீங்க” என்றார்.

விறகடுப்புப் புகைக்கும் இதில் பங்கு இருக்கலாம், சிகரட் புகைக்கும் பங்கு இருக்கலாம், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது என்று அவரே பின்னர் விளக்கினார். அது நியாயமான பேச்சு. ஒரு மனிதரின் நோயை மட்டும் வைத்து எந்த வாதத்தையும் நிறுவிவிட முடியாது. ஆனாலும் அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. வாப்பா தேத்தண்ணி ஊற்றிய இடத்துக்கும் ஆட்கள் இருந்த மேசைக்கும் இடையில் ஆறடி தூரம்தான். கூரை பதிந்த கடை. சுபஹுத் தொழுதுவிட்டு வருகிறவர்கள் தொடக்கம் இஷாவுக்குப் பிறகு கடை சாத்தும் வரை அந்த ஆறடிக்குள் எத்தனை பேர் பற்றவைத்து முடித்திருப்பார்கள்? அவர்களில் ஒருவர்கூட வாப்பாவுக்குத் தீங்கு நினைத்தவர் இல்லை. பெருநாளைக்கு வீடு தேடி வந்து முஸாபஹா செய்தவர்கள் அவர்கள். எனது படிப்புக்குக் கைகொடுத்தவர்களும் அவர்களில் உண்டு.

மதுச்சாலைகளிலும் உணவகங்களிலும் வேலைத்தலங்களிலும் புகைத்தலைத் தடை செய்யலாமா என்ற விவாதம் கடந்த இருபது, முப்பது வருடங்களாக உலகெங்கும் நடந்து வருகிறது. அயர்லாந்தில் அந்த விவாதம் மதுச்சாலையைச் சுற்றி நடந்தது. மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை நமது கரையோர ஊர்களில் அந்த இடத்தில் இருப்பது தேநீர்க் கடை. செய்தி, அரசியல், நெல்விலை, கலியாணப் பேச்சு எல்லாமே அங்கேதான். இலங்கையில் இதற்கான சட்டம் 2006ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அது நமது கடைகளின் படியேறாமல் நிற்பது ஏன் என்பதும், மார்க்கத்தின் பக்கமிருந்து பார்த்தால் இந்தத் தடை எங்கே நிற்கிறது என்பதும் இக்கட்டுரையின் கேள்விகள்.

‘குடித்தல்’ என்ற சொல்

எழுத்துத் தமிழில் ‘புகைத்தல்’ என்கிறோம். பேச்சில் சிகரட்டையும் பீடியையும் சுருட்டையும் ‘குடிப்பது’ என்றே சொல்கிறோம். அரபு நூல்களிலும் இதே கதைதான். புகைத்தல் பற்றி எழுதிய பழைய உலமாக்கள் அதை ‘ஷுர்புத் துகான்’, அதாவது புகையைக் குடித்தல் என்றார்கள். துருக்கி மொழியிலும் இன்று வரை சிகரட்டைக் குடிக்கத்தான் செய்கிறார்கள்.

புதிதாக வந்த பொருளுக்கு மக்கள் தமக்குத் தெரிந்த வினைச்சொல்லைக் கொடுத்தார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் இந்தச் சொல் ஒரு விடயத்தை மறைத்துவிட்டது. தேத்தண்ணியை ஒருவர் குடித்தால் அது அவரின் வயிற்றோடு முடிந்தது. பக்கத்தில் இருப்பவரின் வயிற்றுக்குப் போகாது. புகை அப்படியல்ல. பற்றவைத்தவர் இழுப்பது கொஞ்சம், அறையில் இருக்கிற மற்றவர்களுக்குப் போவது மிச்சம். ‘குடிக்கிறார்’ என்று சொல்லும்போது அது குடிக்கிறவரின் சொந்த விவகாரம் போலத் தோன்றிவிடுகிறது. நானூறு வருடமாக நடந்த மார்க்க விவாதமும் பெரும்பாலும் இந்தத் தோற்றத்துக்குள்ளேதான் நடந்தது.

உலமாக்களின் நானூறு வருட விவாதம்

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஹிஜ்ரி ஆயிரத்தை ஒட்டிய காலத்தில், அதாவது கி.பி. 1600 அளவில், அது முஸ்லிம் நாடுகளுக்கு வந்து சேர்ந்தது. குர்ஆனிலும் ஹதீஸிலும் பெயர் சொல்லப்படாத பொருள். நான்கு இமாம்களும் காணாத பொருள். ஆகவே அடிப்படைகளில் இருந்து சட்டம் எடுக்க வேண்டியிருந்தது. கருத்துகள் பிரிந்தன.

எகிப்தில் ஒரே காலத்தில் வாழ்ந்த இரண்டு மாலிகி அறிஞர்களை எடுத்துக்கொள்வோம். இப்ராஹீம் அல்லகானி புகைத்தல் கூடாது என்று எழுதினார். அலீ அல்உஜ்ஹூரி கூடும் என்று எழுதினார். நமது மத்ஹபான ஷாஃபிஈயில், அரபுக் கல்லூரி மாணவர்களுக்குத் தெரிந்த மஹல்லி உரைக்கு ஹாஷியா எழுதிய கல்யூபி அதைத் தடுக்கப்பட்டது என்றே கருதினார். திமிஷ்க்கைச் சேர்ந்த அப்துல் கனீ அந்நாபுலுஸி 1682இல் அதன் அனுமதிக்காக ஒரு தனி நூலே எழுதினார். அந்த நூலுக்கு முன்பே, 1633இல், உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் புகையிலையைத் தடை செய்து கோப்பிக் கடைகளையும் மூடிவிட்டார். மீறியவர்களுக்கு மரண தண்டனைகூடக் கொடுத்தார். அப்படியும் பழக்கம் ஒழியவில்லை. சுல்தானின் காலம் முடிய, தடையும் முடிந்துபோனது.

அந்தக் காலத்தில் அனுமதித்தவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. புகையிலை புற்றுநோயைத் தருகிறது என்று சொல்ல எந்த வைத்தியருக்கும் அன்று வழியிருக்கவில்லை. சில வைத்தியர்கள் அதை மருந்து என்றே கொடுத்தார்கள். தீங்கு நிரூபணமான பிறகு நிலைமை மாறியது. மலேசியாவின் தேசிய ஃபத்வா சபை 1995இல் புகைத்தல் ஹராம் என்று தீர்மானித்தது. எகிப்திலும் சவூதியிலும் அதே திசையில் ஃபத்வாக்கள் வெளியாகின.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தோனேசியாவில் நடந்ததுதான். அந்த நாட்டின் உலமா சபை 2009 ஜனவரியில் மேற்கு சுமாத்திராவின் பாடாங் பாஞ்சாங் நகரில் கூடியது. புகையிலையை நம்பிப் பெருந்தொகையான விவசாயிகளும் தொழிலாளர்களும் வாழும் நாடு அது. முழுமையாக ஹராம் என்று ஒருமித்துச் சொல்ல உலமாக்களால் முடியவில்லை. மக்ரூஹ் என்போரும் ஹராம் என்போரும் இரு பக்கமாக நின்றார்கள். ஆனால் மூன்று விடயங்களில் ஹராம் என்ற முடிவுக்கு வந்தார்கள். சிறுவர்கள் புகைப்பது, கர்ப்பிணிகள் புகைப்பது, பொது இடத்தில் புகைப்பது.

இந்த மூன்றாவதைக் கவனிக்க வேண்டும். தன் வீட்டுத் தோட்டத்தில் தனியாக நின்று புகைப்பவர் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். நான்கு பேர் கூடிய இடத்தில் புகைப்பவர் பற்றி அந்த வேறுபாட்டுக்கு இடமில்லாமல் போகிறது. ஏனென்றால் இங்கே கேள்வி மாறிவிடுகிறது. ‘இவர் குடிக்கலாமா?’ என்பதற்குப் பதிலாக, ‘குடிக்க விரும்பாதவரைக் குடிக்க வைக்கலாமா?’ என்று கேட்கிறோம். தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு கூடாது என்ற நபிமொழியின் மேல் எழுந்த ஃபிக்ஹு விதியை எந்த மத்ஹபும் மறுத்ததில்லை.

பச்சை வெங்காயமோ உள்ளியோ தின்றவர் பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று நபியவர்கள் சொன்னதும் நமக்குத் தெரியும். வெங்காயம் ஹலால். அதன் மணத்தால் எவருக்கும் நோய் வராது; பக்கத்தில் நிற்பவருக்குக் கொஞ்சம் அருவருப்பு, அவ்வளவுதான். அதற்கே அந்த அளவு கவனம் என்றால், நோய் தரும் புகைக்கு எந்த அளவு கவனம் வேண்டும்? நமது பள்ளிவாசல்களுக்குள் எவரும் புகைப்பதில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தொழுதுவிட்டு வந்தவர், அதே சப்பில் தனக்கு அருகில் நின்றவரின் முகத்துக்கு நேரே கடையில் இருந்து ஊதுகிறார்.

மற்றவரின் புகை என்ன செய்கிறது?

எரியும் சிகரட்டில் இருந்து இரண்டு வகைப் புகை வருகிறது. ஒன்று, புகைப்பவர் உள்ளே இழுத்து வெளியே விடுவது. மற்றது, இரண்டு இழுப்புக்கு இடையில் விரலிடுக்கில் இருக்கும்போது நுனியில் இருந்து சும்மா எழும்புவது. அறையில் நிறைவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். இழுக்கும்போது நுனி நன்றாகக் கனன்று எரிகிறது. சும்மா இருக்கும்போது குறைந்த சூட்டில் அரைகுறையாக எரிகிறது. அரைகுறையாக எரிவதில் நச்சுகள் கூடுதல். அது பில்டர் ஊடாகவும் வருவதில்லை. புகையிலைப் புகையில் ஆயிரக்கணக்கான இரசாயனங்கள் உள்ளன. அவற்றில் எழுபதளவில் புற்றுநோயைத் தரக்கூடியவை.

இதை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வு. தக்கேஷி ஹிராயாமா என்பவர் புகைப் பழக்கம் இல்லாத 91,540 மனைவிமாரைப் பதினான்கு வருடங்கள் தொடர்ந்து கவனித்து, 1981இல் முடிவை வெளியிட்டார். கணவன் கடுமையாகப் புகைப்பவராக இருந்தால் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்து கூடுதலாக இருந்தது. சிகரட் நிறுவனங்கள் அந்த முடிவைக் கடுமையாகத் தாக்கின. பின்னர் வந்த ஆய்வுகளும் அதே திசையில்தான் போயின. 2006இல் அமெரிக்க அரசின் தலைமை வைத்திய அதிகாரி வெளியிட்ட அறிக்கை, பிறர் விடும் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று இல்லை என்று முடித்தது. இன்று உலகில் வருடத்துக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மற்றவரின் புகையால் மரணிக்கிறார்கள்.

“மேல ஃபேன் சுத்துது, ஜன்னல் திறந்து இரிக்கி, பிறகென்ன?” என்று நமது கடைகளில் கேட்பார்கள். மின்விசிறி புகையை அகற்றுவதில்லை. ஒரு மேசைப் புகையை எல்லா மேசைக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. காற்றோட்டத்தையும் குளிரூட்டலையுமே தொழிலாகக் கொண்ட பொறியியலாளர்களின் அமெரிக்கச் சங்கமான அஷ்ரே, 2005இல் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. காற்றோட்ட வசதியால் இந்த ஆபத்தை நீக்க முடியாது, உள்ளே புகைக்காமல் விடுவதே வழி என்றது. மின்விசிறி வியாபாரத்தில் இருப்பவர்களே சொன்னது என்பதால் இதற்குப் பெறுமதி அதிகம்.

தடை செய்த நாடுகளில் நடந்தது

அயர்லாந்து 2004 மார்ச் 29ஆம் திகதி மதுச்சாலை, உணவகம் உட்பட எல்லா வேலைத்தலங்களிலும் புகைத்தலைத் தடை செய்தது. நாடளாவிய ரீதியில் இப்படிச் செய்த முதல் நாடு அதுதான். மதுச்சாலைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். யாவாரம் படுத்துவிடும், யாரும் இந்தச் சட்டத்தை மதிக்க மாட்டார்கள் என்றார்கள். அரசு சொன்ன நியாயம் எளிமையானது. மதுச்சாலை குடிக்க வருபவருக்குப் பொழுதுபோக்கு இடம்; அங்கே வேலை செய்பவருக்கு அது தொழிற்சாலை. தொழிற்சாலையில் நஞ்சைச் சுவாசிக்கும்படி ஒரு தொழிலாளியை எவரும் கேட்க முடியாது. நாங்கள் மதுவை வெறுப்பவர்கள். ஆனால் அந்த நியாயத்தை எடுத்துத் தேநீர்க் கடையில் வைத்தால் அது ஒரு சொல் மாறாமல் பொருந்துகிறது.

ஸ்கொட்லாந்து 2006 மார்ச்சில் அதே வழியில் போனது. அங்கே ஒன்பது வைத்தியசாலைகளில் மாரடைப்பு வகை நோய்களுக்காக அனுமதிக்கப்பட்டோரைத் தடைக்கு முன்னும் பின்னும் கணக்கெடுத்தார்கள். 17 வீதம் குறைந்திருந்தது. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு புகைக்காதவர்கள். யாவாரம் பற்றிய பயத்தையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2009இல் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்தது. தடையால் உணவகங்களும் மதுச்சாலைகளும் நட்டப்பட்டதற்கு ஆதாரமில்லை என்பதே அதன் முடிவு.

தூரத்து நாடுகள்தான் வேண்டுமென்பதில்லை. பக்கத்தில் கேரளாவின் உயர் நீதிமன்றம் 1999 ஜூலையில் பொது இடப் புகைத்தல் புகைக்காதவரின் உயிர்வாழும் உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. 2001இல் முரளி தேவ்ரா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் அதே அடிப்படையில் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. உணவகங்களையும் வேலைத்தலங்களையும் விரிவாக உள்ளடக்கிய இந்திய விதிகள் 2008 ஒக்டோபர் 2ஆம் திகதி நடைமுறைக்கு வந்தன.

நமது சட்டமும் முப்பது ஆசனமும்

உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இலங்கை 2003இலேயே ஏற்றுக்கொண்டது. அதன் தொடர்ச்சியாக 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் நிறைவேறி, அந்த வருடம் டிசம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. மூடிய பொது இடத்தில் புகைப்பது குற்றம். புகைக்க விடுவதும் குற்றம். ஆகவே கடை முதலாளியும் பொறுப்பாளி. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். விளம்பரமும் அனுசரணையும் தடை. பொலிஸாருக்கும், நாம் பி.எச்.ஐ. என்று சொல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உண்டு.

இந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. விமான நிலையம், முப்பது அறைக்குக் குறையாத ஹோட்டல், முப்பது பேருக்குக் குறையாமல் இருக்கக்கூடிய உணவகம் ஆகியவை புகைப்பதற்கென்று தனியிடம் ஒதுக்கலாம். பெரிய இடங்களுக்குக் கொடுத்த சலுகை இது. அந்த இடங்களில் வேலை செய்கிறவனின் நுரையீரல் மட்டும் கல்லால் ஆனதா என்று கேட்கத் தோன்றுகிறது. சட்டத்தின் குறை இது, மறுப்பதற்கில்லை.

ஆனால் நமது பக்கத்தில் இந்த விதிவிலக்கு தலைகீழாக வேலை செய்கிறது. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் உள்ள சாதாரணத் தேத்தண்ணிக் கடைகளில் எத்தனை கதிரைகள்? பன்னிரண்டு, பதினைந்து, வாங்கு போட்டால் இருபது. முப்பதைத் தொடாத கடைக்குச் சலுகை இல்லை. ‘உள்பக்க மேசையில் இருந்து குடியுங்கள்’ என்று சொல்லவும் முதலாளிக்கு உரிமையில்லை. கொழும்பின் பெரிய ஹோட்டலைவிட நமது சின்னக் கடையைத்தான் சட்டம் முழுமையாகக் காக்கிறது. அதை அறிந்த முதலாளிமார் நம்மில் எத்தனை பேர்?

கடை மட்டுமல்ல. சம்மாந்துறை நெல் ஆலை, மருதமுனையில் நாலைந்து தறி போட்டு ஆள் வைத்து நெய்யும் கொட்டில், நமது அலுவலகங்கள் எல்லாமே வேலைத்தலங்கள். நூற்பஞ்சுத் தூசுக்குள் வேலை செய்கிறவரின் நெஞ்சுக்கு மேலதிகமாகப் புகையும் தேவையா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2015 முதல் சிகரட் பெட்டியின் 80 வீதத்தை நோயின் படமும் எச்சரிக்கையும் மூட வேண்டும். சிகரட் நிறுவனத்தின் நீதிமன்ற வழக்குகளைத் தாண்டி வந்த ஏற்பாடு அது. ஆனால் நம் ஊரில் பெட்டி வாங்குபவர் யார்? ஒன்று, இரண்டு என்று தனிச் சிகரட்டாகத்தான் வாங்குகிறார்கள். பெட்டி முதலாளியின் லாச்சிக்குள் இருக்கிறது. படத்தை அவர் மட்டுமே பார்க்கிறார். பற்றவைப்பதற்குத் தூணில் கட்டிய கயிறு நாள் முழுக்கக் கனன்றுகொண்டு இருக்கிறது. தீப்பெட்டிச் செலவும் இல்லை.

“யாவாரம் இரிக்கே சேர்”

எங்கள் பகுதியில் ஒரு காக்கா தனது கடையில் புகைப்பதை நிறுத்தியிருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். பெரிய கடையில்லை, பதினாறு கதிரை.

“என்னத்துக்குக் காக்கா நிப்பாட்டினீங்க? பி.எச்.ஐ. வந்தாரா?” என்று கேட்டேன்.

“அவர் வந்து போற ஆள்தான். அதுக்காக இல்ல. என்ட பேரப்புள்ளைக்கு இழுப்பு. பின்னேரத்துல கடைக்கு வந்து என்ட மடியில இரிக்கும். டொக்டர் பொகை ஆகாதெண்டு சொல்லிட்டார். புள்ளைய வராதெண்டு சொல்லவா, பொகையை வராதெண்டு சொல்லவா?”

“யாவாரம் எப்பிடி?”

அவர் மறைக்கவில்லை. “முதல் மாசம் விழுந்துதான் போச்சி சேர். நாலஞ்சு பேர் கோவிச்சிக்கிட்டு முன் கடைக்கிப் பொயிட்டாங்க. ஒத்தர் ரெண்டு பேர் இன்னும் வாறதில்ல. மத்தவங்க வெளியில வாகை மரத்துக்குக் கீழ நிண்டு குடிச்சிட்டு உள்ள வாறாங்க. முந்தியெல்லாம் ஒரு பிளேன்டியும் ரெண்டு சிகரட்டுமா ஒரு மணித்தியாலம் கதிரையைப் புடிச்சிக்கிட்டு இருந்த ஆக்கள். இப்ப கதிரை காலியாகுது. பொம்புளைகளும் புள்ளைகளோட வந்து பார்சல் எடுக்காங்க.”

“சிகரட் விக்கிறதையும் விட்டுட்டீங்களா?”

“அதை இன்னும் விடல்ல” என்று சொல்லி வேறு பக்கம் பார்த்தார். அவரின் நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே குடிப்பதை நிறுத்துவது ஒரு படி. விற்பனையை விடுவது அடுத்த படி. இரண்டும் ஒரே நாளில் நடக்காது என்பதற்காக முதல் படியை ஒத்திப்போட வேண்டியதில்லை.

யாவாரத்தை விட்டால், அடுத்ததாக எழும் ஆட்சேபம் உரிமை பற்றியது. “என்ட காசு, என்ட நெஞ்சு, ஒங்களுக்கென்ன?” என்று கேட்பவருக்கு, கடலோரத்தில் பிறந்த நமக்கு எளிதாக விளங்கும் ஒரு நபிமொழி இருக்கிறது. நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அறிவித்து, புகாரியில் பதிவானது. ஒரு கப்பலில் சிலர் மேல்தட்டிலும் சிலர் கீழ்த்தட்டிலும் இடம் பெறுகிறார்கள். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே போக வேண்டியிருக்கிறது. மேலே இருப்பவர்களுக்கு ஏன் கரைச்சல், நமது பங்கில் ஒரு துளை போட்டுக்கொள்வோம் என்று யோசிக்கிறார்கள். மற்றவர்கள் அவர்களை அப்படியே விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள். தடுத்தால் எல்லோரும் தப்புவார்கள். இதுதான் அந்த உவமையின் கருத்து.

துளை போடுகிறவரின் எண்ணம் கெட்டதல்ல என்பதைக் கவனியுங்கள். தன் பங்கில்தான் போடுகிறார். மற்றவருக்குத் தொல்லை வேண்டாம் என்றுதான் போடுகிறார். ஆனால் தண்ணீருக்கு யார் பங்கு என்று தெரியாது. புகைக்கும் தெரியாது.

மூன்றாவது ஆட்சேபம் மனதைத் தொடுவது. வெயிலில் கரைவலை இழுத்துவிட்டு, வயலில் முதுகு முறிய நின்றுவிட்டு வருகிற ஏழைக்கு இருக்கிற ஒரே ஆறுதலையும் பறிப்பதா என்று கேட்கிறார்கள். அந்த மனிதரை இழிவாகப் பேசும் உரிமை எவருக்கும் கிடையாது. புகைப்பவர் நோய்ப்பட்ட பழக்கத்தில் மாட்டியவர்; நிக்கொட்டீன் பிடித்த பிடி இலேசில் விடாது. ஆனால் பொது இடத் தடை அவரின் சிகரட்டைப் பறிக்கவில்லை. பத்தடி தள்ளி வெளியே நில்லுங்கள் என்கிறது, அவ்வளவுதான். அதே கடையில் பீங்கான் கழுவுகிறவரும் ஏழைதான். அவர் பத்தடி தள்ளி நின்று வேலை செய்ய முடியாது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் பஸ்ஸை நினைத்துப் பார்க்கட்டும். நான் சிறுவனாக இருந்தபோது கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் ஆட்கள் சர்வசாதாரணமாகப் பற்றவைப்பார்கள். ஜன்னல் பக்கத்தில் உம்மா முக்காட்டால் எனது மூக்கைப் பொத்திக்கொண்டு இருப்பார். இன்று ஒருவர் பஸ்ஸுக்குள் பற்றவைத்தால் கொண்டக்டர் பேசுவதற்கு முன் பயணிகளே சத்தம் போடுவார்கள். பொலிஸ் ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி நின்று உண்டாக்கிய மாற்றமல்ல இது. நான்காம் முராதின் வாளால் முடியாதது, பக்கத்து ஆசனத்துக்காரரின் பேச்சால் முடிந்திருக்கிறது.

நோன்புக்குப் பிறகு கடை திறக்கும் நாள்

நமது ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகம் சொன்னால் மக்கள் கேட்பார்கள். அந்தச் செல்வாக்கைத் தண்டனைக்கும் ஒதுக்கிவைப்பதற்கும் பயன்படுத்தச் சொல்லவில்லை. தண்டிக்கும் வேலை சட்டத்துக்குரியது. சொல்லிக் கொடுக்கும் வேலைதான் மிம்பருக்குரியது. ஹராமா மக்ரூஹா என்ற தர்க்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கடைக்குள் இருக்கும் மற்றவரின் ஹக்கைப் பற்றி ஒரு ஜும்ஆவில் பேசலாம். கடைக்காரர் சங்கமும் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகமும் ஒரு மேசையில் இருந்து, முப்பது ஆசனத்துக்குக் குறைந்த கடைக்கு என்ன சட்டம் என்பதை முதலாளிமாருக்கு விளக்கலாம்.

ஆசிரியன் என்ற முறையில் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். சிகரட் வாங்கப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுக்கும் கடைக்காரர் குற்றவாளி ஆகிறார். அந்தக் குற்றத்துக்கு அனுப்பியவர் வாப்பா. சட்டம் நமது வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது, உள்ளே வராது. ஜப்பானிய மனைவிமாருக்கு நோய் வந்தது கடையில் அல்ல, வீட்டில்.

தொடங்குவதற்கு நல்ல காலம் ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. ரமழான் பகலில் கடைகள் மூடியிருக்கும். பதின்மூன்று, பதினான்கு மணித்தியாலம் ஒரு சிகரட்டும் இல்லாமல் இருக்க முடியும் என்பதைப் புகைப்பவர் ஒவ்வொருவரும் முப்பது நாளும் தனக்குத் தானே காட்டுகிறார். அந்த மாதத்தில்தான் முதலாளிமார் கடையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மேசை கதிரையைத் திருத்துகிறார்கள். பெருநாளைக்குப் பிறகு கடை திறக்கும்போது சாம்பல் தட்டையும் தூணில் கட்டிய கயிற்றையும் திரும்ப வைக்காமல் விடலாம். புதுச் சுண்ணாம்புச் சுவரைக் காட்டி, “கொஞ்சம் வெளியில நிண்டு குடிங்க காக்கா” என்று சொல்வது அந்த நாளில் இலேசு.

வாப்பா இப்போது வேலைக்குப் போவதில்லை. பின்னேரங்களில் பழைய கூட்டாளிமாரைப் பார்க்க அந்தக் கடைக்கே போக ஆசைப்படுகிறார். “உள்ள பொகை மனே, இருக்கேலாம இரிக்கி” என்று பாதி வழியில் திரும்பிவிடுகிறார். முப்பத்தொரு வருடம் மற்றவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த கடையில் ஒரு பிளேன்டி குடிக்க அவருக்கு இடமில்லை. இன்ஷா அல்லாஹ், வருகிற நோன்புக்குப் பிறகு அவரை அங்கே கூட்டிச் செல்ல வேண்டும்.